2019 டிசம்பர் வரிக்குறைப்பு சரியா, பிழையா?

வவுனியா வியாபாரி:
வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்ததால்தான் இலங்கை வங்குரோத்தானது என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். எனக்குக் கட்டடப் பொருள் கடை. குறைப்போடு நான் வற் பதிவிலிருந்தும் விடுபட்டேன். கையில் மிஞ்சிய காசில் பின்வளவில் சிமெந்து அடுக்கக் கொட்டகை போட்டேன். இரண்டு பேரை வேலைக்கு எடுத்தேன். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு படுத்துவிட்ட வியாபாரம் ஜனவரியில் எழும்பியது. மார்ச்சில் ஊரடங்கு. ஊரடங்குக்கு முன் நான்கு மாதம்கூட ஓடாத கொள்கையின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது நியாயமா?

பொருளியல் ஆசிரியை:
அண்ணா, வற் பதிவு கட்டாயமாகும் விற்பனை எல்லை ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாவிலிருந்து ஒரே பாய்ச்சலில் 300 மில்லியனுக்குப் போனது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியும் நின்றது. வற் வருமானம் 2019-இல் சுமார் 444 பில்லியன் ரூபா, 2020-இல் சுமார் 234 பில்லியன். வரியும் பாதி, வருமானமும் பாதி.

வவுனியா வியாபாரி:
கொரோனாவை எங்கே விட்டீர்கள்? வாகன இறக்குமதியையும் நிறுத்தினார்களே!

பொருளியல் ஆசிரியை:
சரி, 2021-ஐ எடுங்கள். பொருளாதாரம் மறுபடி வளர்ந்த ஆண்டு அது. அப்போதும் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவில்தான் நின்றது. 2019-இல் 12-ஐ ஒட்டி இருந்தது. வளர்ச்சி வந்தது, வருமானம் வரவில்லை.

சென்னை வாசகர்:
குறுக்கிடுகிறேன். இந்தியாவில் 1973-74-இல் உச்ச வருமான வரி 97.75 சதவீதம். படிப்படியாக இறங்கி, 1985 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் வி. பி. சிங் அதை 50-க்குக் கொண்டுவந்தார். அந்த நிதியாண்டிலேயே வருமான வரி வசூல் கூடியது. ஆகவே குறைப்பதே குற்றம் என்று பேசாதீர்கள்.

பொருளியல் ஆசிரியை:
அதை ஏற்கிறேன். நூறு ரூபாயில் தொண்ணூற்றேழைப் பிடுங்கினால் எவனும் கணக்கை ஒளிப்பான். குறைத்தால் வெளியே வருவான். எங்கள் 15 சதவீதத்துக்குப் பயந்து அத்தனை பேரா ஒளிந்திருந்தார்கள்? வரி குறைந்தது, செலவு குறையவில்லை. கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் தரத்தைக் கீழிறக்கின, வெளியே கடன் கிடைக்கவில்லை, மத்திய வங்கி பணத்தை அச்சடித்தது, விலைவாசி ஏறியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்தத் தவணையில் வினாத்தாளுக்குக் காகிதம் இல்லாமல் நான் கரும்பலகையில் வினாக்களை எழுதிப் பரீட்சை வைத்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள்.

வவுனியா வியாபாரி:
2021-இல் இரசாயன உரத்தைத் தடை செய்து வயலைக் கெடுத்ததும் வரியைக் குறைத்த அதே அரசுதான், அதையும் சேர்த்து எழுதுங்கள். 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது, எல்லை 60 மில்லியனுக்கு இறங்கியது. நான் மீண்டும் பதிவுக்குள். வேலைக்கு எடுத்தவர்களில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். ஒரேயடியாக அவ்வளவு குறைத்தது பிழை. சிறு வியாபாரிக்கு மூச்சு விட இடம் கொடுத்ததைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

பொருளியல் ஆசிரியை:
2019 நவம்பரில் உங்கள் கடையில் சிமெந்து மூட்டை என்ன விலை, 2022 நவம்பரில் என்ன விலை? பழைய பில் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள் அண்ணா.