இரவில் ஆள் குறைவு என்பதற்காக நோயாளியைக் கட்டலாமா?

கேள்வி: இரவுப்பணி

தனியார் மருத்துவமனை ஒன்றின் மனநல வார்டில் இரண்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இரவில் 18 படுக்கைகளுக்கு நானும் ஓர் அட்டெண்டரும்தான். தானே கையொப்பமிட்டுச் சேர்ந்த ஒருவர் சென்ற வாரம் உறக்கம் வராமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டினார், யாரையும் அடிக்கவில்லை. டியூட்டி டாக்டரை அழைத்தபோது, "ஆள் இல்லையல்லவா, கட்டிவிடுங்கள்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். கட்டினோம். காலை 6 மணிக்கு அவிழ்த்தபோது காஸ் துணியின் நெசவு இரு மணிக்கட்டிலும் அப்படியே பதிந்திருந்தது. கேஸ் ஷீட்டில் 'நன்றாக உறங்கினார்' என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு மனம் வராததால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். இப்போது அவர் மாத்திரையை மறுப்பதால், பொடித்துக் காப்பியில் கலந்து கொடுக்குமாறு அவருடைய மனைவி கேட்கிறார். இவற்றில் என் பொறுப்பு எதுவரை?

பதில் 1: செவிலியர் ஆசிரியை

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 97ஆம் பிரிவை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். உங்கள் கேள்வியை எதிர்பார்த்தே எழுதியதுபோல் இருக்கும். நோயாளிக்கோ பிறருக்கோ அந்த நொடியே நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்காமல் கட்டலாம். ஊழியர் பற்றாக்குறையை மட்டுமே காரணமாகக் காட்டிக் கட்டக்கூடாது என்று அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கட்டிய முறை, காரணம், கால அளவு ஆகியவற்றை உடனே பதிவு செய்ய வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மனநோயாளிகளின் உரிமைகளைக் காக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கான மாத அறிக்கையிலும் அது இடம்பெற வேண்டும்.

அவர் தானாகச் சேர்ந்தவர் என்பதுதான் இதில் முக்கியம். அத்தகையவர் போகக் கேட்டால் அனுப்ப வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்வதாக அண்மையில் மிரட்டியது போன்ற காரணம் இருந்தால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரை நிறுத்திவைக்க 88ஆம் பிரிவு இடம் தருகிறது. அவர் கதவைத் தட்டியபோது டாக்டரிடம் நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டியது, "இவர் டிஸ்சார்ஜ் கேட்கிறார்" என்பதே.

பொய் எழுதாமல் இருந்தது சரி. காலியாக விட்டது சரியல்ல. பின்னாளில் யாரும் அந்த இடத்தில் எதையும் எழுதிக்கொள்ளலாம். இன்றைய தேதியும் நேரமும் இட்டு, தாமதமான பதிவு என்று குறிப்பிட்டு, யார் சொல்லி எப்போது கட்டினீர்கள், எப்போது அவிழ்த்தீர்கள், மணிக்கட்டில் என்ன கண்டீர்கள் என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

பதில் 2: வார்டுக்காரன்

சட்டம் சரிதான், அம்மா. அதிகாலை 3 மணிக்கு ஒருவர் பக்கத்துப் படுக்கைக்காரரின் கழுத்தைப் பிடிக்கும்போது பிரிவு எண் நினைவுக்கு வராது. நான் கட்டியிருக்கிறேன், தேவைப்பட்டால் இனியும் கட்டுவேன். ஆனால் கட்டியவரை விட்டு நகரக்கூடாது. துணிக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சையும் விரல்நுனியின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டுமா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். காவலுக்கு ஆள் இல்லாத வார்டில், கட்டுவதற்கு இன்னும் அதிகமாக ஆள் வேண்டும் என்பதை நிர்வாகங்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீ பரவியபோது சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நீங்கள் சொல்லும் நபர் நடந்துகொண்டுதானே இருந்தார்? நடக்க விட்டிருக்கலாம்.

பதில் 3: தம்பி

சிஸ்டர், காப்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அண்ணனுக்கு நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் பொடி தங்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். உணவில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய நோயே. அதை நாங்களே மெய்யாக்கிவிட்டோம். அதன்பின் பல மாதங்கள் வீட்டுச் சோற்றைத் தொடாமல், கடையில் தானே வாங்கித் தானே உரித்த வாழைப்பழத்தை மட்டுமே உண்டார். அம்மாவின் கையால் இன்றும் காப்பி வாங்குவதில்லை.

பதில் 4: செவிலியர் ஆசிரியை

தம்பி சொன்னதுடன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாகச் சேர்ந்தவருக்கு அவருடைய ஒப்புதலின்றிச் சிகிச்சை தரக்கூடாது என்று 86ஆம் பிரிவு கூறுகிறது. மனைவியின் ஒப்புதல் அதற்கு ஈடாகாது. ஏன் மறுக்கிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். நாக்கு வறள்கிறது, கை நடுங்குகிறது என்பார். பல நேரங்களில் மருந்தையோ அளவையோ மாற்றினால் தீரும் குறைதான்.

இரவுப்பணி

தாமதமான பதிவை எழுதிவிட்டேன். வார்டு பொறுப்பாளர் முகம் கொடுக்கவில்லை. மாத்திரையை ஏன் மறுக்கிறார் என்று நோயாளியிடமும் கேட்டேன். மாத்திரை சாப்பிட்டால் தையல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம், அவர் தையல்காரர். நாளை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் அதை அவரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.