மாத்திரைய எத்தன மணிக்கு போடுறீங்க? என் கதை இது

எனக்கு 31 வயசுல தான் ஏடிஹெச்டினு (கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சன) தெரிஞ்சுது. அதுக்கு குடுத்த மருந்து மீதைல்ஃபெனிடேட் 18 மி.கி, நாள் முழுக்க மெதுவா விடுற டைப். மேல்பூச்சுல இருக்குற கொஞ்ச மருந்து சீக்கிரம் வேலைய ஆரம்பிச்சுடும், மிச்ச மருந்து, மாத்திரைக்குள்ள தண்ணி புகுந்து புகுந்து, ஒரு சின்ன ஓட்டை வழியா வெளிய வரும், 10-12 மணி நேரம் ஓடும். டாக்டர் ஒன்னே ஒன்னு தான் சொன்னாரு, எழுந்ததும் போடுங்க, லேட்டாயிட்டா அன்னைக்கு விட்டுடுங்கனு.

நான் என்ன பண்ணேன், ஞாயித்துக்கிழம பதினொன்றரைக்கு எழுந்து டிபன் சாப்ட்டு ஃபோன நோண்டி, ஐயோ மாத்திரைனு ஞாபகம் வந்து (மாத்திரை போட மறக்காம இருக்கவே ஒரு மாத்திரை வேணும் நமக்கு) பன்னெண்டே முக்காலுக்கு போட்டேன். நைட்டு பன்னெண்டு மணிக்கு கிச்சன்ல ஸ்டூல் போட்டு ஏறி அஞ்சறைப்பெட்டி, மசாலா டப்பா எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டிட்டு இருக்கேன், அம்மா எழுந்து வந்து "என்னடி இந்நேரத்துல"ங்கறாங்க. தூங்குனது மூணு மணிக்கு, எட்டு மணி அலாரம் காதுல விழவே இல்ல, பத்தரைக்கு எழுந்து திரும்ப மாத்திரை, திரும்ப நடுராத்திரி. வியாழன் வரைக்கும் இதே கூத்து தான்.

பழி முழுக்க மாத்திரை மேல போட்டேன். டாக்டர் தான் சொன்னாரு, நம்மள்ல நெறைய பேருக்கு மாத்திரைக்கு முன்னாடியே உடம்பு கடிகாரம் லேட்டு தானாம், ராத்திரி மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கிறதே தள்ளிப்போகுமாம். யோசிச்சா ஸ்கூல் படிக்கும்போதே ரெண்டு மணி வரைக்கும் ஃபேன பாத்துட்டு படுத்திருப்பேன். இப்ப தலமாட்டுலயே மாத்திரை, தண்ணி. ஏழு மணிக்கு கண்ண மூடிட்டே முழுங்கிட்டு மொட்டமாடி வெயில்ல போய் நிக்கிறேன். லீவு நாள்லயும் அதே ஏழு தான், அது தான் கஷ்டம்.

—

எனக்கு நேர் எதிர்ங்க. ஷார்ட் ஆக்டிங், அதாவது சீக்கிரம் தீந்துடுற டைப், 10 மி.கி, காலைல எட்டு, மதியம் பன்னெண்டு. ஒவ்வொன்னும் நாலு மணி நேரம் நிக்கும். அஞ்சு மணிக்கு பவர் இறங்குனா எரிச்சல், வீட்டுல எல்லார் மேலயும் கத்தல், படுத்தா மண்டைக்குள்ள சந்தக்கடை. டாக்டர் நாலு மணிக்கு 5 மி.கி சேத்தாரு, சுத்தமா தூக்கம் போயிடும்னு பயந்தேன், பதினொரு மணிக்கெல்லாம் தூங்கிட்டேன். எல்லாருக்கும் இப்படி ஆகாதுனு அவரே சொன்னாரு, நீங்களா ட்ரை பண்ணிடாதீங்க.

—

அக்கா லேபிள் ஃபோட்டோ போடுங்க

—

வேணாம்மா, சோம்பு டப்பால சீரகம்னு ஒட்டிருக்கேன்