மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி: எந்த நேரத்தை அதிகாரபூர்வ நேரமாக எழுதலாம்?

தேவகோட்டைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் என் வயதினர் பலரையும் போல நானும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு ஊருணியில் நீந்தப் பழகியவன். நடுத்தர வயதுக்குப் பிறகுதான் பயிற்சியாளரிடம் முறையாகச் சேர்ந்தேன். ஆகஸ்டில் 50 மீட்டர் குளத்தில் நடக்கவிருக்கும் ஒரு மாஸ்டர்ஸ் போட்டிக்கு (25 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடப்பது) 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பெயர் கொடுக்க எண்ணியிருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் என்ட்ரி டைம் என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் அதிகாரபூர்வ நேரம் என்று இன்னொரு கட்டமும் உள்ளன. இரண்டாவது கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை.

என்னிடம் மூன்று நேரங்கள் இருக்கின்றன. பயிற்சியின்போது என் மகன் செல்பேசியில் எடுத்த 50 மீட்டர் நேரம் 36 வினாடி. சென்ற ஆண்டு 25 மீட்டர் குளத்தில் நடந்த ஒரு போட்டியில் 4×50 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் முதல் ஆளாக நீந்தி எடுத்த நேரம் 37.90. ஆனால் மூன்றாவதாக நீந்தியவர் முன்கூட்டியே குதித்துவிட்டதால் எங்கள் அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. மகளைப் பார்க்க அமெரிக்கா சென்றிருந்தபோது அங்குள்ள மாஸ்டர்ஸ் போட்டி ஒன்றில், 25 கெஜக் குளத்தில் 50 கெஜத்தை 34.60 வினாடியில் நீந்தினேன். இவற்றில் எது செல்லும்? வரும் நவம்பரில் எனக்கு 50 வயது நிறைகிறது. எந்த வயதுப் பிரிவில் பெயர் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருச்சி டைம்கீப்பர்:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். என்ட்ரி டைம் என்பது ஏறத்தாழ ஒரே வேகத்தில் நீந்துபவர்களை ஒரே ஹீட்டில், அதாவது ஒரே சுற்றில் சேர்ந்து நீந்தும் குழுவில், சேர்ப்பதற்காகக் கேட்கப்படுவது. பெரும்பாலான மாஸ்டர்ஸ் போட்டிகளில் உங்கள் நேர்மையான மதிப்பீடே அதற்குப் போதும் என்பதால், மகன் எடுத்த 36 வினாடியைத் தயங்காமல் அங்கே எழுதலாம். அதிகாரபூர்வ நேரம் வேறு. சாதனைப் பட்டியல், தரவரிசை, தகுதி நேரம் ஆகியவற்றுக்கு அதுதான் அடிப்படை. நீந்தியவரின் திறமையைப் போலவே, அந்த நேரம் எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்பதும் அங்கே கணக்கில் வருகிறது.

குளத்தின் நீளம் முறையாக அளக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த லேனிலும் (நீந்தும் தடத்திலும்) நீளம் சிறிதளவும் குறையக்கூடாது. கூடுதலாக இருப்பதற்கு மட்டுமே மிகச் சிறிய சலுகை உண்டு. நடுவே நகரும் தடுப்பு வைத்த குளமானால், சாதனைக்குரிய நேரம் எடுக்கப்பட்ட அமர்வு முடிந்ததும் அந்த லேனை மீண்டும் அளந்து உறுதிசெய்ய வேண்டும் என்று உலக நீச்சல் விதி சொல்கிறது. ஊருணியில் ஒரு படித்துறையிலிருந்து எதிர்ப் படித்துறை வரை எவ்வளவு வேகமாக நீந்தினாலும் அது கணக்கில் வராததற்குக் காரணம் இதுதான்.

நேரம் எடுக்கும் முறையிலும் கண்டிப்பு உண்டு. டச்பேட் (சுவரில் பொருத்திய, கை பட்டதும் நேரத்தைப் பதிவு செய்யும் பலகை) இருந்தால் அது காட்டும் நேரமே முடிவு. அது இல்லாத இடங்களில் லேனுக்கு மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடிப்போம். மூன்றில் இரண்டு ஒரே நேரத்தைக் காட்டினால் அதுவே அதிகாரபூர்வ நேரம். மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடுவில் உள்ளது எடுக்கப்படும்: 38.42, 38.51, 38.60 என்றால் 38.51. ஒரு வாட்ச் நின்றுபோய் 38.42, 38.52 என இரண்டு மட்டும் கிடைத்தால் சராசரியாகிய 38.47. மூன்றில் மிக வேகமானதை எழுதிக்கொள்ளும் பழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது விதிக்கு நேர்மாறானது.

தொடக்கச் சமிக்ஞையில் விளக்கு இருந்தால், ஒலிக்காகக் காத்திராமல் ஒளியைப் பார்த்தே வாட்ச்சை அழுத்த வேண்டும். ஒலி 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.15 வினாடி ஆகும் என்பதால், எதிர்முனையில் நின்று காதை நம்பி அழுத்தினால் நீந்துபவருக்கு உரிமையில்லாத 0.15 வினாடி லாபமாகக் கிடைத்துவிடும். முடிவு வரியில், சுவரைத் தொடும் கையைக் குனிந்து பார்த்துத்தான் நிறுத்துவோம். மகன் நடைமேடையில் நின்று செல்பேசியில் எடுத்த நேரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அறிவிக்கப்பட்ட போட்டியும் நடுவரும் இல்லாத நேரம் அதிகாரபூர்வமாகாது.

இனி ரிலே. இங்கே உங்களுக்கு நல்ல செய்தி. முதல் ஆள் மட்டுமே தொடக்கச் சமிக்ஞையைக் கேட்டுப் புறப்படுகிறார். மற்ற மூவரும் முன்னவரின் வருகையைப் பார்த்தே குதிப்பதால் அவர்களின் நேரங்கள் தனிநபர் நேரமாக மாட்டா. முதல் ஆள் தம் தூரத்தை முடித்த பிறகு பின்னால் வருபவர் செய்த தவற்றால் அணி தகுதிநீக்கம் பெற்றாலும், அவருடைய நேரம் அழிவதில்லை. தகுதிநீக்கம் நிகழும் வரையுள்ள முறையான இடைநேரங்கள் (முழுத் தூரத்தின் இடையிடையே எடுத்த நேரங்கள்) முடிவுத்தாளில் பதிவாக வேண்டும் என்பதே விதி. ஆனால் ஆண்களும் பெண்களும் கலந்த ரிலேயாக இருந்தால் முதல் ஆளின் நேரத்தை உலகச் சாதனைக்கு ஏற்பதில்லை. உங்கள் அணி ஆண்கள் அணிதானா என்பதையும், 37.90 முடிவுத்தாளில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 25 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் முடியும் இடம் தொடங்கிய முனையே என்பதால், அங்கு நிற்கும் டைம்கீப்பர்களே அதைக் குறித்திருப்பார்கள்.

கண்டனூரிலிருந்து ஹூஸ்டனுக்கு:

அண்ணன் கேட்ட கெஜக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 25 கெஜம் 22.86 மீட்டர்தான், ஆகவே நீங்கள் நீந்தியது 45.72 மீட்டர். யு.எஸ். மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங் அமைப்பு கெஜக் குளம், 25 மீட்டர் குளம், 50 மீட்டர் குளம் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டு, அந்த அமைப்பு அனுமதித்த போட்டியில் நீந்தியிருந்தால், கெஜப் பட்டியலில் உங்கள் 34.60 முழுத் தகுதியுள்ள நேரமே. ஆனால் உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் கெஜத்தில் சாதனைகள் வைப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கணக்கிகளைக் கொண்டு மீட்டருக்கு மாற்றி எழுதினால் அது என்ட்ரி டைமுக்கு உதவுமே தவிர, அதிகாரபூர்வ நேரமாகாது.

உங்கள் 25 மீட்டர் ரிலே நேரத்துக்கும் இது பொருந்தும். நடுவில் ஒரு திருப்பம் இருப்பதால் சுவரை உதைத்து வெளிவரும் லாபம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால் 25 மீட்டர் குளத்து நேரத்தை 50 மீட்டர் குளத்து நேரத்துக்கு ஈடாக வைப்பதில்லை. படிவத்தில் 37.90 என்று எழுதினால், 25 மீட்டர் குளம் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறை. அதை ஏற்பதா என்பதை அந்தப் போட்டியின் சுற்றறிக்கைதான் தீர்மானிக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

வயதைப் பற்றி யாரும் எழுதவில்லையே, தம்பி. வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் விதிப்படி மாஸ்டர்ஸ் என்பது 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகளாகப் போகிறது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உள்ள வயதே கணக்கு. ஆகஸ்டில் உங்களுக்கு 49 தான் என்றாலும் 50–54 பிரிவில்தான் பெயர் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் கெஜக் குளப் போட்டிகளுக்கு மட்டும் போட்டியின் கடைசி நாளில் உள்ள வயதைப் பார்ப்பார்கள். அங்கே 45–49 என்று போட்டிருந்தால் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

குளத்தின் முனையில் உள்ள தொடக்கக் கட்டையின் மீதேறிக் குதிக்கத் தயக்கமாக இருந்தால் நடைமேடையிலிருந்தோ தண்ணீருக்குள் நின்றோ புறப்படலாம். மாஸ்டர்ஸ் விதி இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது, நேரத்தின் தகுதி குறையாது. நான் எப்போதும் தண்ணீருக்குள்ளிருந்தே புறப்படுகிறேன். நீச்சலுடை ஆண்களுக்குத் தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக்கூடாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

தேவகோட்டைக்காரர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் அணி ஆண்கள் அணிதான். இன்னும் ஒரே ஓர் ஐயம். ஆகஸ்டில் 100 மீட்டர் நீந்தும்போது அதன் முதல் 50 மீட்டரையும் தனி நேரமாகக் கேட்டு வாங்க முடியுமா?

திருச்சி டைம்கீப்பர்:

முடியும், அண்ணே, ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். 50 மீட்டர் குளத்தில் முதல் 50 மீட்டர் எதிர்முனையில் முடிகிறது. அந்த முனையிலும் டச்பேட் இருந்தால் நேரம் தானாகப் பதிவாகிவிடும். இல்லாவிட்டால் அங்கே டைம்கீப்பர் எவரும் நிற்க மாட்டார். ஆகவே போட்டி தொடங்குமுன் தலைமை நடுவரிடம் நீங்களோ பயிற்சியாளரோ எழுத்து மூலம் கேட்டு, உங்கள் லேனுக்கு எதிர்முனையில் மூன்று வாட்ச் வைக்கச் சொல்லுங்கள். அதோடு 100 மீட்டரை முழுமையாக நீந்தி முடிக்க வேண்டும். 50இல் வேகமாகத் தொட்டுவிட்டு நின்றுவிட்டால் இடைநேரம் செல்லாது. 100 மீட்டரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டால் அதற்கு நேரமே பதிவாகாது.

ரிலே நேரத்துக்காகப் போட்டி நடத்தியவர்களிடம் இன்றே கேளுங்கள். டைம்கீப்பர் சீட்டுகளைப் பரிசளிப்பு முடிந்ததும் குப்பையில் போட்டுவிடும் அமைப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். தலைமை நடுவர் கையெழுத்திட்ட முடிவுத்தாளின் நகல் இல்லாமல் 37.90-ஐ எங்கும் நிறுவ முடியாது. நகல் கிடைத்தால் இரண்டாவது கட்டத்தில் 37.90, 25 மீட்டர் குளம், ரிலே முதல் ஆள் என்று எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் நேரம் இல்லை என்று எழுதிவிட்டு, என்ட்ரி டைமாக 36-ஐக் கொடுங்கள். ஆகஸ்டில் நீந்தும் 50 மீட்டரே 50 மீட்டர் குளத்தில் உங்கள் முதல் அதிகாரபூர்வ நேரமாக அமையும்.