விஞ்ச் கியருக்கு கிரீஸை விட்டுவிட்டு உலர் கோட்டிங் அடிக்கலாமா?

மண்டபம், விசைப்படகு:
தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, வலை இழுக்கும் விஞ்ச்சில் வேலை பார்க்கிறோம். வெளியே திறந்து கிடக்கும் பினியனும் (சின்னக் கியர்) அது சுற்றும் பெரிய கியரும் இரும்பு. கிரீஸ் தடவினால் வலையோடு வரும் மணலும் சிப்பித் தூளும் ஒட்டிக்கொண்டு பல்லை அரைத்துத் தின்கின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடு (மாலி) என்ற வழுக்கும் உலர் பொருளை ஸ்பிரேயாக அடித்தால் கிரீஸே வேண்டாம் என்கிறார் ஒருவர். கிராஃபைட் தூள் போதும் என்கிறார் இன்னொருவர். ஜூன் 15 கடலுக்குப் போகணும். எது சரி?

தொண்டி, பட்டறை:
தம்பி, கிராஃபைட்டைத் தொடவே வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டால் இரும்பும் அதுவும் சேர்ந்து பேட்டரி மாதிரி ஆகிவிடும்; அரிபடுவது இரும்புதான்.

மாலி நல்ல சரக்கு. அடுக்கடுக்கான படிகம், ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும். கிரீஸைப் பிதுக்கித் தள்ளும் அழுத்தத்திலும் நிற்கும். விண்வெளிக் கருவிகளில் அதைப் போடுகிறார்கள், அங்கே ஈரமே கிடையாது. நம் கரையில் ஈரக்காற்று பட்டால் உராய்வு கூடும், பொருளும் மெல்ல ஆக்சைடாகும்.

மண்டபம்:
அப்போ அடிக்கவே கூடாதாண்ணே?

தொண்டி:
அடிக்கலாம். ஆனால் டப்பா ஸ்பிரே வேறு, பிசினோடு கலந்து சூட்டில் இறுக்கும் கோட்டிங் வேறு. அந்தக் கோட்டிங்கின் கனம் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோ துருவோ துளிகூட இருக்கக் கூடாது. காற்றழுத்தத்தில் பரல் வீசிச் சுரசுரப்பாக்கி, முடிந்தால் கோட்டிங் பிடிக்க அடியில் பாஸ்பேட் படலம் ஏற்றி, அப்புறம் அடித்தால்தான் பிடிக்கும். தேய்ந்த இடத்தில் கிரீஸ் போல அது தானாக வந்து நிரம்பவும் செய்யாது. திறந்த விஞ்சுக்கு அதை மட்டும் நம்பிப் போகாதே.

ஏர்வாடி, எஞ்சின் மெக்கானிக்:
இங்கே எதிரி மணல்தான். முதலில் கியருக்குத் தகட்டு மூடி போடுங்கள், அடியில் தண்ணீர் வடிய வழி விடுங்கள். கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது, துருவையும் தடுக்கும். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு மெல்லியதாகத் தடவுங்கள். பல் நுனி கூராகியிருந்தால் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது.

மண்டபம்:
பினியன் பல் கூராகித்தான் இருக்கிறது. புதிது போடுகிறோம். அதற்கு மாலி கோட்டிங் அடிக்கலாமா?

தொண்டி:
தாராளமாக. புதுப் பல் ஓடிப் பழகும் வரை உரசிக் காயம் படாமல் காக்கும். மேலே கிரீஸும் வேண்டும். பெரிய கியரையும் அளந்து பார், அது தேய்ந்திருந்தால் புதுப் பினியனையும் சீக்கிரம் தின்றுவிடும்.