கன்னடம் படிக்கத் தெரியுமா தம்பி?

நான் பெங்களூர் வந்து 9 வருஷம் ஆச்சு, முருகேஷ்பாளையால வாடகை வீடு. 2024ல கையில கொஞ்சம் காசு சேந்ததும் சைட் (வீட்டு மனை) வாங்கணும்னு ஆச வந்துருச்சு, ஹொஸ்கோட்டே தாண்டி 30க்கு 40 அடில ஒரு சைட், ஏஜென்ட் அவரு கார்லயே கூட்டிட்டுப் போயி காட்டுனாரு, ஈ-காதா (சொத்துப் பதிவேடு) இருக்கு, 15 வருஷ ஈசி (வில்லங்கச் சான்று) க்ளீன்னாரு, நானும் 50,000 டோக்கன் கொடுத்துட்டேன்.

ஆபீஸ்ல கூட இருக்குற அண்ணன் ஒருத்தர், "ஜெராக்ஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு ஞாயித்துக்கெழம அல்சூர் வா"ன்னாரு. சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு டீக்கட. ஏழெட்டுப் பேரு, எல்லாம் நம்மாளுங்க, சின்னச் சின்னதா இடம் வாங்கி விக்கிறவங்க. என்ன ரேட்டுன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன், யாருமே கேக்கல. "தாய்ப்பத்திரம் எங்க?" இதான் மொதக் கேள்வி.

வேலூர்க்காரர், 65 வயசு இருக்கும், டீ கிளாஸ தள்ளி வச்சிட்டு ஒவ்வொரு வரியா வெரல் வச்சுப் படிச்சாரு. நாலாவது பக்கத்துல வெரல் நின்னுச்சு. "கன்னடம் படிக்கத் தெரியுமா தம்பி?" தெரியாதுண்ணேன்னேன். "சாகுவளி சீட்டின்னு போட்டிருக்கு பாரு, அரசாங்கம் நெலம் கொடுத்ததுக்கான சீட்டு அது, எஸ்சி குடும்பத்துக்கு கவர்மெண்ட் கிராண்டா கொடுத்த நெலம் இது."

கர்நாடகால 1978லயே பிடிசிஎல்னு ஒரு சட்டம் வந்திருக்கு, எஸ்சி, எஸ்டிக்கு அரசாங்கம் கொடுத்த இந்த மாதிரி நெலத்த அரசாங்கத்தோட முன்அனுமதி இல்லாம வித்தா அந்த விற்பனையே செல்லாது, வாரிசுங்க ஏசி (அசிஸ்டன்ட் கமிஷனர்) கிட்ட மனு போட்டு நெலத்தத் திரும்பக் கேக்கலாம், 2023ல திருத்தம் கொண்டுவந்து அதுக்குக் கால வரம்பே கெடையாதுன்னு ஆக்கிட்டாங்க. கிராண்ட் கொடுத்தது ரெவென்யூ டிபார்ட்மெண்ட், சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவாகுறது இல்ல, அப்புறம் ஈசில எப்படி வரும்? அனுமதி வாங்குன பேப்பரக் கேட்டேன், ஏஜென்ட் போன எடுக்குறதையே நிறுத்திட்டாரு. டோக்கன்ல பாதிதான் திரும்பி வந்துச்சு.

காசு போனது ஒரு பக்கம். நெலமில்லாத ஒரு குடும்பம் பொழைக்கட்டும்னு கொடுத்த எடத்துல நான் வீடு கட்டிருப்பேனேன்னு நெனச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

அன்னைலேர்ந்து ஞாயித்துக்கெழமைல முடிஞ்சவரைக்கும் போயிருவேன். ஆபீஸ் அண்ணன் சொன்னாருன்னு பிஎம்டிசி (பெங்களூர் டவுன் பஸ்) பஸ் போர்டப் பாத்துப் பாத்தே கன்னட எழுத்துப் பழகினேன், ஊர் பேர எழுத்துக் கூட்டிட்டு இங்கிலீஷ்ல சரி பாத்துக்குவேன். மூணு மாசம் கழிச்சு பழைய ஜெராக்ஸ எடுத்து அந்த நாலாவது பக்கத்த நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். சா-கு-வ-ளி. வேலூர்க்காரருக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன், "அடுத்த வாரம் பஹணி கொண்டாரேன், நம்ம ஊரு அடங்கல் மாதிரி நெலப் பதிவு, அதப் படி"ன்னாரு.