ஜட்கா, சாரட், கோச்சு: எல்லாம் ஒரே வண்டிதானா?

அரசலாற்றங்கரை:
தை மாதம் கும்பகோணத்தில் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட் பேசியிருக்கிறோம். மாயவரத்துப் பெரியம்மா போனில் "ஜட்காவா வருது?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம்: "ஜட்காவுல எவனாவது மாப்பிள்ளையை ஏத்துவானா?" ஜட்கா, சாரட், கோச்சு மூன்றும் வேறு வேறா? பெயர்கள் எங்கிருந்து வந்தவை?

மூவலூர் பெரியவர்:
அப்பா பக்கம்தான் நியாயம். ஜட்கா வாடகை வண்டி, தம்பி. இரண்டு சக்கரம், ஒரு மட்டக்குதிரை, மேலே கூண்டு. ஆசனமெல்லாம் கிடையாது, வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சாக்கு. அந்தக் காலத்தில் மாயவரம் ஜங்ஷன் வாசலில் வரிசையாக நிற்கும். பின்பக்கமாக ஏறிக் காலை மடக்கி உட்கார வேண்டும். பாரம் பின்னால் போனால் வண்டி குடை சாயப் பார்க்கும். அதனால் "முன்னாடி நகந்து உக்காருங்க" என்று வண்டிக்காரர் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் அத்தை கொஞ்சம் கனத்த சரீரம். அவரைப் பார்த்ததும் முடிந்த பேரம் மறுபடி தொடங்கும்.

இந்துஸ்தானியில் ஜட்கா என்றால் வெடுக்கென்ற இழுப்பு, குலுக்கல். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைத் தக்காண இந்துஸ்தானிச் சொல் என்று சொல்லி, 'விரைவு' என்று பொருள் தருகிறது. விரைவாம்! ஏறி உட்கார்ந்தவன் சொல்கிறேன், குலுக்கல்தான் பொருத்தம்.

வெண்ணாறு:
சாரட், ஆங்கிலேயரின் 'சாரியட்'. பிரெஞ்சு வழியாக லத்தீன் 'கார்ருஸ்' வரை போகும். 'கார்' என்ற சொல்லுக்கும் அதுதான் மூலம். நான்கு சக்கரம், பெரிய மனிதர் வண்டி. கோச்சின் கதை இன்னும் வேடிக்கை. ஹங்கேரியில் கோச் என்றே ஓர் ஊர்; 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. உழவன் எக்ஸ்பிரஸில் கோச் நம்பர் தேடி ஓடுகிறோமே, அதுவும் அந்த ஊர்ப் பெயர்தான்.

அரசலாற்றங்கரை:
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், பரம திருப்தி. பெரியம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

மூவலூர் பெரியவர்:
அது உங்கள் குடும்ப விவகாரம், என்னை விட்டுவிடுங்கள். சாரட்டுக்கு முன்னால் சரவெடி மட்டும் கொளுத்த விடாதீர்கள், குதிரை மிரண்டுவிடும். அப்புறம், நாலு சக்கர வண்டி திரும்ப இடம் கேட்கும். மண்டபம் இருக்கும் குறுகலான தெருவை முன்கூட்டியே வண்டிக்காரரிடம் காட்டிவிடுங்கள்.