முதல் முறை குப்புற விழுந்தாள், நான் கடைசி வட்டத்தில் இருந்தேன்

எரங்கல் அப்பா:

மகளுக்கு அப்போது நாலரை மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து போனில் பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜி துப்பாக்கிச் சண்டை கேமின் இந்தியப் பதிப்பு, ஆடிக்கொண்டிருந்தேன். என் ஸ்குவாடில் (அணியில்) மற்ற மூன்று பேரும் அவுட், நான் ஒருத்தன்தான் மிச்சம். நூறு பேரில் ஆரம்பித்த மேட்ச் ஏழு பேரில் வந்து நிற்கிறது, உள்ளே நின்றால்தான் பிழைக்க முடியும் என்கிற வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. காதில் ஹெட்செட் வேறு. மேட்ச் முடிந்து நிமிர்ந்தால், குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. முதல் முறை அது. ஒன்றரை அடி தூரத்தில் இருந்தவன் நான்.

மனைவி குளித்துவிட்டு வந்தவள், "எப்படிங்க விழுந்தா? கை உள்ள மாட்டிக்கிச்சா, எடுத்துட்டாளா?" என்று அடுக்கினாள். "ஒருக்களிச்சுப் படுத்தா, அப்படியே புரண்டா, கையையும் அவளே எடுத்துட்டா" என்று அவிழ்த்துவிட்டேன். அத்தனையும் பொய். பேத்தி குப்புற விழுந்ததற்காக மறுநாள் மாமியார் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் இரண்டு வந்தது, தொண்டையில் இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. மனைவி கத்தவில்லை. "சரி, அடுத்தது உட்காரும்போதாவது பாருங்க" என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்றோடு கேமை விட்டுவிட்டேன் என்று கதை விடப்போவதில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், வேறொன்றை ஆடினேன். 2021இல் பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலையில் அதையும் தூக்கினார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்தது, நானும் திரும்பிப் போனேன். அரசாங்கமே இரண்டு தடவை முயன்றும் விடாத பழக்கம்.

எங்கே இடித்தது என்றால், ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. ஒரு மேட்ச் அரை மணி நேரம் இழுக்கும். குழந்தைக்குப் பொறுமை அரை நிமிடம். அதனால் டிவியில் மாட்டி ஆடும் பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன்) ஒன்றை வாங்கிக்கொண்டு, தனியாக ஆடுகிறவற்றுக்கு மாறினேன். எந்தப் புண்ணியவானோ எல்டன் ரிங் என்ற கேமைக் கையில் கொடுத்தான். தனியாக ஆடினாலும் அதில் நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனே கிடையாது. டயபர் மாற்றப் போய்வருவதற்குள் எத்தனை முறை செத்தேன் என்று எண்ணவில்லை. இப்போதெல்லாம் ஒரு கேம் வாங்குமுன் நான் விசாரிப்பது ஒன்றுதான்: நினைத்த இடத்தில் நிறுத்தலாமா? அவள் தூங்கினால்தான் ஆட்டம், ஹெட்செட் ஒரு காதில் மட்டும்.

இன்னொரு கூத்தும் பண்ணினேன். எட்டாம் மாதம், அடியில் சக்கரம் வைத்த வட்ட வாக்கர் ஒன்று வாங்கினேன். அவள் சீக்கிரம் நடக்கட்டும் என்று வீட்டில் சொன்னேன். உள்ளே உட்காரவைத்தால் எனக்கு ஒரு லெவல் முடிக்க நேரம் கிடைக்குமே என்பதுதான் நிஜம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது பெருமையாகச் சொல்ல, டாக்டர் முறைத்தார். அது நடக்கக் கற்றுத்தராது, நுனிக்காலில் உந்தத்தான் பழக்கும், படிக்கட்டில் உருண்டால் மண்டை போகும் என்றார். கனடாவில் 2004லேயே இதை விற்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்களாம். அப்பா ஊரிலிருந்து மரத்தில் செய்த நடைவண்டியைக் கொண்டுவந்து போட்டார். அதில் குழந்தை உட்கார முடியாது, நின்று தள்ளத்தான் முடியும். அதனால் நானும் பின்னாலேயே குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. பதின்மூன்றாம் மாதம் அவள் வண்டியை விட்டுவிட்டு நாலு அடி வைத்ததை முழுசாகப் பார்த்தேன். என் போன் அப்போது எங்கே கிடந்தது என்றே தெரியாது.

உங்கள் வீட்டில் எப்படி?

திருச்சி அம்மா:

அப்பா ஆடினால் டென்ஷன் தீர்க்கிறார், அம்மா ஆடினால் பிள்ளையைக் கவனிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது தூங்கி விழாமல் இருக்க, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமில் விவசாயம் செய்தவள் நான். முள்ளங்கி போட்டு, மீன் பிடித்து, யாரையும் சுடாமல். என் பையன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எட்டு மாதத்தில் அவன் உட்காரவில்லை என்றதும் நாத்தனார் நேராக என் போனைத்தான் பார்த்தார். அவர் வீட்டில் ஆறு மணிக்குப் போட்ட சீரியல் பத்து மணிக்குத்தான் நிற்கும், அது கணக்கில் வராது.

டாக்டர் தடுப்பூசி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள், இரண்டு வயது வரை அப்படித்தான் என்றார். அந்தக் கணக்கில் அவனுக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து வைத்த கணக்கையும் சொன்னார், நம் டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டாம். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சில குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிடும். நாத்தனாரையும் கூட்டிப் போயிருக்கலாமே என்று வழியெல்லாம் புலம்பினேன்.

சேலத்துக்காரன்:

கடைசியில் அந்த மேட்சில் ஜெயித்தீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

கன்ட்ரோலர் பாட்டரி:

என் கதை கொஞ்சம் வேறு. பையனை மடியில் வைத்துக்கொண்டே பிஎஸ்5இல் ஃபிஃபா கால்பந்து கேம் ஆடுவேன். அவன் கையில் பாட்டரி இல்லாத கன்ட்ரோலர், அவனும் என்னோடு ஆடுவதாக நினைத்துக்கொள்வான். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கப்புறமும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்துதானே இருக்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை வயதாகியும் "அம்மா" கூடத் தெளிவாக வரவில்லை. எல்லாம் என்னால்தான் என்று முடிவு கட்டி, பிஎஸ்5ஐப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினேன். இரண்டு மாதம் கதை சொன்னேன், காக்காய் காட்டினேன், பாட்டுப் பாடினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? நாங்கள் சோதித்துப் பார்த்ததே இல்லை. அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. காது சரியாகக் கேட்கவில்லை.

திரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் குற்றத்தை என் தலையில் போட்டுக்கொண்டு, கேமை நிறுத்தினால் பேசிவிடுவான் என்று உட்கார்ந்திருந்தேனே, அந்த இரண்டு மாதம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பாருங்கள். கன்ட்ரோலர் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பிஎஸ்5 இன்னும் பரணில்தான் இருக்கிறது. எடுக்க ஏணி வேண்டும், சோம்பல்.

எரங்கல் அப்பா:

திருச்சி அம்மா, நாத்தனாருக்கு அந்த 17.6 கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள். பாட்டரி, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவளின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். எழுந்துவிட்டாள். திரும்பத் தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆனது, மனைவி இன்னும் பேசவில்லை.

சேலத்துக்காரரே, இரண்டாவது இடம். மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தவனைக் கவனிக்கவில்லை.